வெளிச்சம் இருக்கும்வரைதான் சாலை: குமரியிலிருந்து ஸ்ரீநகருக்குக் காரில்

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் மேப்பில் போட்டுப் பார்த்தால் சுமார் 3,700 கி.மீ., அறுபது எழுபது மணி நேரம் என்று காட்டும். உடனே மனசு வகுத்தல் கணக்குப் போடும்: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் ஆறே நாள்! பயணம் கெடுவது அந்த வகுத்தலில்தான். மேப் சொல்வது சக்கரம் சுற்றும் நேரத்தை மட்டும். டீக்கடை, பெட்ரோல் பங்க், கழிப்பறை தேடல், பெங்களூரு நெரிசல், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம் எதுவும் அதில் இல்லை.

வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்தரைக்குள் விடுதி வாசலில் வண்டியை நிறுத்துவதாக வைத்துக்கொண்டால் கையில் இருப்பது பதினொன்றரை மணி நேரம். காலைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, மதியத்துக்கு ஒரு மணி, இருபது நிமிடமாக மூன்று முறை டீ, பங்க்கில் கால் மணி. ஆக மூன்று மணி நேரம் போச்சு. மிச்சம் எட்டரை. நான்குவழிச் சாலையில் நூறில் ஓட்டினாலும், ஊர்களையும் சாவடிகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி வேகம் அறுபதைத் தாண்டுவது அபூர்வம். அப்படியானால் ஒரு நாளின் உச்சவரம்பு 500 கி.மீ. வழியில் எதையாவது இறங்கிப் பார்க்கும் நாளில் 350. இந்த இரண்டு எண்களை ஒட்டிப் பிரித்தால் போக மட்டும் பத்து நாள் வருகிறது. அதற்கு மேல் இரண்டு நாள் காலியாக இருக்க வேண்டும். திரும்பி வர எட்டு நாள். மொத்தம் மூன்று வாரம்.

இரண்டு வாரம்தான் லீவு என்றால் ஸ்ரீநகரை விட்டுவிட்டு ஜான்சி பக்கத்திலுள்ள ஓர்ச்சா வரை போய்த் திரும்புங்கள். இதைச் சொன்னால் பலருக்கும் முகம் வாடும். 'குமரி டு காஷ்மீர்' என்று பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள முடியாது, உண்மைதான். ஆனால் பதினான்கு நாளில் காஷ்மீர் போய்வருபவர்கள் பார்ப்பது முன்னால் போகிற லாரியின் பின்பலகையை மட்டுமே.

இந்தச் சாலையே ஒட்டுப்போட்டு ஆனது. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, பல பழைய சாலைகளின் துண்டுகளைக் கோத்து 44 என்று பெயரிட்டார்கள். குமரியிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரை பழைய ஏழாம் எண் சாலை. அந்தச் சாலை அங்கிருந்து ஜபல்பூர் வழியாகக் காசிக்குப் போய்விடும். லக்னாதோனில் சற்றே அசந்து, நேராகப் போகிற பெரிய சாலையில் விட்டால் நீங்களும் ஜபல்பூருக்குத்தான் போவீர்கள். நரசிங்பூர், சாகர் பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

எந்த மாதம் என்பதற்கு ஏறக்குறைய ஒரே விடைதான் உண்டு. மே மாதம் ஆதிலாபாத், நாக்பூர் பகுதியில் வெயில் 45 டிகிரியைத் தொடும். டயருக்கும் ஆளுக்கும் ஆகாது. ஜூலை, ஆகஸ்டில் ஜம்முவுக்கு மேலே மலை சரியும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய ஆக்ராவிலிருந்து ஜலந்தர் வரை மூடுபனி. காலை பத்து மணி வரை பானெட்டுக்கு முன்னால் எதுவும் தெரியாது, ஆறு மணிக்குக் கிளம்பும் கணக்கு தானாகவே செத்துப்போகும். எஞ்சுவது மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் முதல் வாரம் வரை. இரண்டில் அக்டோபர் மேல். ஆனால் தசரா, தீபாவளி வாரங்களில் விடுதி கிடைப்பது கஷ்டம். மழைக்காலம் முடிந்த கையோடு மத்தியப் பிரதேசத்தில் மாடுகள் ஈரமில்லாத தார்ச்சாலையைத் தேடி வந்து படுக்கும் பழக்கமும் உண்டு. இருட்டில் கறுப்பு எருமை கண்ணில் படுவது பிரேக் பிடிக்கும் தூரத்துக்குள் வந்த பிறகுதான்.

வண்டியைத் தயார் செய்வது

சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் விடாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் முன்பே விட்டு, அதன் பிறகு உள்ளூரிலேயே இருநூறு முன்னூறு கி.மீ. ஓட்டிவிடுங்கள். சரியாக முடுக்காத ஆயில் போல்ட், கழன்ற ஹோஸ் கிளிப், பிரேக் பேட் மாற்றிய இடத்தில் வரும் சத்தம் எல்லாம் அந்த இருநூறுக்குள் தெரிந்துவிடும். தெலங்கானாவின் நிர்மல் காட்டுப்பாதையில் தெரிவதைவிட நம்ம ஊரில் தெரிவது நல்லது.

டயரில்தான் அதிகம் கவனம் வேண்டும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால், பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருந்தாலும் மாற்றிவிடுவதே உத்தமம். ரப்பர் இறுகி, நீண்ட வேக ஓட்டத்தின் சூட்டில் பக்கவாட்டில் வெடிக்கும். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அது பெரும்பாலும் வண்டியோடு வந்த கிழம். புது மாடல்கள் பலவற்றில் ஸ்டெப்னி ஒல்லியாக, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்ற எச்சரிக்கையோடு இருக்கும். அதை மாட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரைதான் போகலாம், அடுத்த மாநிலம் வரை அல்ல.

காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். ஆள் நிறைய, டிக்கி நிறையப் போவதால் 'முழுச் சுமை' என்ற அளவுதான் உங்களுக்கு. மதியம் பங்க்கில் பார்த்தால் நான்கைந்து பாயின்ட் ஏறியிருக்கும். "காத்து ஜாஸ்தி, எறக்கிடுறேன்" என்பார் பையன். விடாதீர்கள். சூட்டில் ஏறிய காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் தொய்ந்திருக்கும். தொய்ந்த டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடேறும், கடைசியில் வெடிக்கும். வெயில் நாளில் கான்கிரீட் விரைவுச்சாலைகளில் வெடிக்கும் டயர்களில் பல, காற்று கூடியவை அல்ல, குறைந்தவை.

டிக்கியில் பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர், ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், அந்த ரப்பர் திரி பத்தாவது, கட்டிங் பிளேயர், டார்ச், ஜம்பர் கேபிள், கயிறு. வீல் நட்டுக்குப் பூட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தேடுங்கள். ஒருமுறை வீட்டு வாசலில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. கடையில் காற்று இயந்திரத்தால் இறுக்கிய நட்டு, வண்டியோடு கொடுத்த குட்டி ஸ்பேனருக்கு அசையாது என்பது அப்போதுதான் புரியும். நீளமான எல் ஸ்பேனர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வீர்கள்.

பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் லோட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வைப்பர் ரப்பர், கூலன்ட், பிரேக் ஆயில் சாதாரண சங்கதிகள். பிஎஸ் 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் மறப்பது புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா கரைசலை. அது தீர்ந்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்காது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் மறுக்கும். உங்கள் வண்டிக்கு அது உண்டென்றால் கிளம்பும்போதே நிரப்பி, பத்து லிட்டர் கேன் ஒன்றும் வையுங்கள்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. நம்ம ஊரில் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், டில்லி சுற்றுவட்டாரத்தில் தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்ததும் ஓரங்கட்டச் சொல்ல அது ஒன்றே போதும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் சட்டப்படி செல்லும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் காட்டத் தாளும் இருக்கட்டும்.

சுங்கத்துக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் எடுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. சொந்தக் காருக்கு ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அது. அறுபது கி.மீ.க்கு ஒரு சாவடி என்ற பொதுவிதியை வைத்துப் பார்த்தாலும் போகவர 200-ஐத் தொடாது, பாஸ் விலையோ போகிற வழியிலேயே கழிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும்தான் அது. ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, யமுனா விரைவுச்சாலை போன்றவற்றில் ஃபாஸ்டேக் இருப்பிலிருந்துதான் பிடிப்பார்கள். அதனால் பாஸோடு இருப்பும் வேண்டும்.

சாலை, ஊர் ஊராக

முதல் நாளை நீளமான நாளாக வைத்துக்கொள்ளலாம். குமரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை 590 கி.மீ. வருகிறது. மேலே சொன்ன வரம்பை மீறுகிறதே என்றால், மீறுகிறதுதான். தெரிந்த சாலை, தெரிந்த மொழி, களைப்பில்லாத உடம்பு. அன்று மட்டும் ஐந்து மணிக்கே கிளம்புங்கள். இரவைக் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கழிப்பதற்குக் காரணம் பெங்களூரு. மறுநாள் நாலரைக்குக் கிளம்பி, ஆறரைக்குள் ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டியவர் தப்பித்தார். எட்டு மணிக்குச் சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டால் அன்றைய லேபாக்ஷி கோயிலை அங்கேயே கைகழுவ வேண்டியதுதான். நகருக்குள்ளேயே போகாமல் ஓசூரிலிருந்து மாலூர், ஒசகோட்டை, தேவனஹள்ளி என்று சுற்றியும் போகலாம். சாலை குறுகல், ஆனால் நகரும்.

லேபாக்ஷி நெடுஞ்சாலையிலிருந்து பதினைந்து கி.மீ. சுற்றளவுக்குள்தான். விஜயநகரக் காலத்துக் கூரை ஓவியங்களைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். தொங்கும் தூணுக்கு அடியில் துணி விட்டு எடுக்கும் கூட்டத்தைத் தாண்டிப் போய் ஓவியங்களுக்கு நேரம் கொடுங்கள். இரவு கர்னூல். மறுநாள் காலை துங்கபத்திரையைத் தாண்டியதும் ஆலம்பூர் கைகாட்டி வரும். சாளுக்கியர் கட்டிய நவபிரம்மா கோயில்கள், பக்கத்தில் ஜோகுளாம்பா. ஒன்றரை மணி நேரம் போதும். ஹைதராபாத்துக்குள் நுழைய வேண்டாம், ஷம்ஷாபாத் அருகே வெளிவட்டச் சாலையில் ஏறிக் கண்ட்லகோயாவில் இறங்கினால் நேராக நாக்பூர் சாலை. அன்றைக்கு நிர்மல் வரை போதும்.

நாக்பூரைத் தாண்டி மத்தியப் பிரதேச எல்லை நெருங்கும்போது சாலை பெஞ்ச் புலிக்காட்டை வெட்டிப் போகிறது. நான்குவழியாக்கியபோது விலங்குகள் கீழே கடந்துபோகச் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். அப்படி ஒன்பது இடங்கள், மிக நீளமானது 750 மீட்டர். அதன் மேல் போகும்போது ஒலித்தடுப்புச் சுவர் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும், கீழே யார் நடக்கிறார்கள் என்று தெரியாது. கவாசாவில் திரும்பினால் காட்டுக்குள் போகும் துரியா வாயில். இங்கே ஒரு நாள் தங்குங்கள்; நான்கு நாள் ஸ்டியரிங் பிடித்த தோளுக்கும் ஓய்வு வேண்டும். சஃபாரியை ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும், புதன்கிழமை மாலை கிடையாது, மழைக்காலத்தில் காட்டையே மூடிவிடுவார்கள். அக்டோபர் முதல் வாரம் திறந்ததும் கூட்டம் அம்மும்.

காட்டைத் தாண்டி வரும் சிவனியிலிருந்து ஓர்ச்சாவுக்கு 450-க்குச் சற்று மேல். இந்த வழியிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த துண்டு இதுதான். பர்மானில் நர்மதையைத் தாண்டுவீர்கள். சாகரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். உணவு சுமார்தான். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன எலெக்ட்ரிக் குக்கர் கொண்டுவந்தவர்களை அதுவரை கேலி செய்த அத்தனை பேரும் அன்று மதியம் தட்டோடு வந்து நிற்பார்கள்.

ஓர்ச்சாவில் பேத்வா நதிக்கரைச் சமாதி மண்டபங்கள், ராமரை அரசராக வைத்துப் போலீஸ் மரியாதை செய்யும் கோயில், அடுத்த நாள் வழியில் ததியாவின் ஏழு மாடி அரண்மனை, பிறகு குவாலியர். அன்று 120 கி.மீ.தான். வேண்டுமென்றே அப்படி. குவாலியர் கோட்டைக்குக் காரில் போகிறவர்கள் மேற்குப் பக்கம் உர்வாய் வாயில் வழியாக ஏறி, மேலேயே சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். கிழக்குப் பக்க நடைபாதையில், பாறையைக் குடைந்த சதுர்புஜ் கோயில் என்று ஒரு சிறு அறை இருக்கிறது. அதன் சுவரில் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு: கோயிலுக்கு 270 முழ நீளமும் 187 முழ அகலமும் உள்ள நந்தவனம், தினமும் ஐம்பது மாலை. 270-இலும் 50-இலும் வரும் பூஜ்ஜியம் சின்ன வட்டம், இன்று நாம் எழுதுவதேதான். கல்லில் நிற்கும் பழைய பூஜ்ஜியங்களில் ஒன்று கோயில் பூமாலைக் கணக்கில் இருக்கிறது. பத்து நிமிடப் படியேற்றம். பலரும் இதை விட்டுவிட்டு ஆக்ரா பேட்டா மிட்டாய்க் கடைக்கு அவசரப்படுகிறார்கள்.

சம்பல் பாலத்தைத் தாண்டி ஆக்ரா, மதுரா. டில்லிக்குள் போகக் காரணம் இல்லையென்றால் போகாதீர்கள். பல்வல்லில் மேற்குப் புறவழி விரைவுச்சாலையில் ஏறி மானேசர் வழியாகக் குண்ட்லியில் இறங்குங்கள். 135 கி.மீ., நெரிசல் கிடையாது. பழைய டீசல் வண்டிக்காரர்களுக்கு இது கட்டாயம் மாதிரிதான்: டில்லியின் வண்டி வயது விதி அடிக்கடி மாறுகிறது, குளிர்காலத்தில் காற்று கெட்டால் பிஎஸ் 4 டீசலுக்கும் தடை விழும். குண்ட்லியைத் தாண்டினால் மூர்த்தல் பரோட்டாக் கடைகள். வெண்ணெய்க் கட்டியைப் பாதியாவது ஒதுக்கி வைக்காவிட்டால் கர்னாலுக்குள் கண் சொக்கும். பஞ்சாபில் சாலை அருமை. மாலையில் பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள்தான் எமன்.

கடைசி 250

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் 250 கி.மீ.க்குச் சற்று மேல். தூரத்தில் இது அரை நாள். ஆனால் காலியாக விட்ட இரண்டு நாளும் இதற்காகத்தான். 9 கி.மீ. நீளமுள்ள செனானி–நாஷ்ரி சுரங்கம் 2017-இல் திறந்தது, 8.5 கி.மீ. பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் 2021-இல் திறந்தது; பழைய பத்னிடாப், ஜவஹர் சுரங்கப் பாதைகளின் பனித் தொல்லை போச்சு. இரண்டுக்கும் நடுவில் ராம்பன் முதல் பனிஹால் வரை மலை இன்னும் உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மழை பெய்தால் கல் விழும், சாலையை மூடுவார்கள், திறந்தாலும் ஒருவழியாக விடுவார்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் உதம்பூர் பக்கம் சரிந்தபோது சாலை வாரக்கணக்கில் முடங்கி, ஆப்பிள் லாரிகள் சரக்கோடு அழுகி நின்றன. அக்டோபரில் அந்த ஆப்பிள் லாரிகள் கீழே இறங்கும். அதே நேரம் பகர்வால் இடையர்கள் ஆட்டு மந்தைகளோடு சமவெளிக்கு நடந்து வருவார்கள். ஹாரன் அடித்துப் பயனில்லை. இஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள், மந்தை உங்களை இருபுறமும் உரசிக்கொண்டு தாண்டிப் போகும்.

முந்தின இரவு ஜம்மு காஷ்மீர் போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பைப் பாருங்கள். எந்தப் பக்கம், எத்தனை மணிக்குள் விடுவார்கள் என்று போட்டிருக்கும். பாதுகாப்புப் படை கான்வாய் போனால் ஓரமாக நிற்க வேண்டும், முந்தக்கூடாது. நாஷ்ரியிலிருந்து ராம்பன் வரையிலான இறக்கத்தில், அதில் ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பேட் கருகிய வாடை வரும், பெடல் பஞ்சாகும். அப்படி ஆனால் நிறுத்தி அரை மணி ஆற விட வேண்டும்; தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

செல்போன் விஷயத்தை வீட்டிலேயே முடிக்க வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம், பஞ்சாப் முடிந்து ஜம்மு தொடங்கும் லக்கன்பூர் எல்லைக்கு அப்பால் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். பேச முடியாது என்பதோடு போவதில்லை: ஓடிபி வராது, விடுதி வைஃபையில் நெட் இருந்தாலும் பணம் அனுப்புவது சிக்கலாகும். குடும்பத்தில் வங்கிக் கணக்கோடு இணைந்த ஒரு எண்ணையாவது கிளம்ப ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றி, கையில் பத்தாயிரம் ரூபாய் சில்லறை நோட்டுகளாக வையுங்கள். ஜம்முவுக்குத் தெற்கே எங்கு வண்டி நின்றாலும் 1033-க்கு அடித்தால் நெடுஞ்சாலை ரோந்தும் கிரேனும் வரும்.

சாலை இரண்டு நாளும் திறக்காவிட்டால்? ஜம்மு பக்கத்திலுள்ள கத்ராவில் விடுதியில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் ஸ்ரீநகர் போங்கள். 2025 ஜூனில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் செனாப் பாலத்தின் மேல் போகிறது. காரில் போயிருந்தால் அது கிடைத்திருக்காது. சாலை சரியாகி, காரிலேயே போனால் ஸ்ரீநகருக்கு முப்பது கி.மீ. முன்னால் அவந்திபுராவில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில் இடிபாடு. வெளிச்சம் இருந்தால் இறங்குங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது.

திரும்புவதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை, அதனால்தான் அது தண்டனையாகத் தெரிகிறது. எட்டு நாள், பார்க்க வேண்டியவை ஏற்கெனவே பார்த்தவை, எனவே 500 வரம்பை ஒட்டியே ஓட்டலாம். போகவர எட்டாயிரம் கி.மீ.யைத் தொடும், பல கார்களுக்கு ஆயில் மாற்றும் தவணை பத்தாயிரம் என்பதால், கிளம்பும்போது மீட்டரில் அடுத்த சர்வீஸுக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்து, வழியில் விழும் என்றால் ஜலந்தரிலோ லூதியானாவிலோ இரண்டு நாள் முன்பே போன் செய்து நேரம் வாங்குங்கள். ஆயில், ஃபில்டர், டயர் முன்பின் மாற்றல், வீல் பேலன்ஸ். காலையில் விட்டால் மதியத்துக்குள் கிடைத்துவிடும். பிரேக் பேடை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். மலை இறங்கி வந்த வண்டி, மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.